புகார் வராத காலனியும் புவனேஸ்வரியும்

புவனேஸ்வரி இறந்துபோன செய்தி எனக்குக் கைபேசியில் ஒரு சுவரொட்டியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஹப்சிகுடாவில் வீட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாலை போட்ட சட்டத்துக்குள் அவர் படம். அலுவலக அடையாள அட்டைக்காக எடுத்த படம். எடுத்தவனை முறைத்துக்கொண்டே எடுத்துக்கொண்டது. அதன் கீழே, "எங்கள் காலனியின் பாதுகாப்புக்கு வழிகாட்டிய அன்புச் சகோதரிக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி, காலனி நலச் சங்கத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்புச் சகோதரியாம். கடைசி வருஷங்களில் அந்தச் சங்கத்தார் அவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. கறி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இங்குள்ள தமிழ் வட்டத்தில் அவரை அறிந்தவர்கள் பலர். பொங்கல் விழாப் பந்தியில் இடித்துக்கொண்டு முந்துகிறவர்களை ஒழுங்குபடுத்தியவர் என்றால் உடனே நினைவுக்கு வரும். அவர் யாரையும் அதட்டியதில்லை. மண்டபத்துக்கு முன்னதாகவே வந்து, மேசைகளை வளைத்துப் போட்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்று ஆக்கிவிடுவார். "முந்தாதீங்கன்னு போர்டு வெச்சா படிச்சுட்டு முந்துவான். முந்த வழி இல்லைன்னா மரியாதையா வருவான்" என்பார். உங்களுக்குத் தெரிந்த புவனேஸ்வரி அவர். அவருக்குள் கடைசிவரை ஆறாத ஒரு புண் இருந்தது. அதைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவக் குடியிருப்பில் ஒப்பந்த வேலைக்காக ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தது. அல்வாலைத் தாண்டி ஒரு காலனியில் சொந்த வீடு. காலனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். கீழ்வீட்டில் அண்ணன் தாமோதரனும் அண்ணி கஸ்தூரியும். மாடியில், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட புவனேஸ்வரி. நான் கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, பேகம்பேட்டில் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தபோது, அடுத்த மேசை அவருடையது. பூங்கா, பேருந்து நிறுத்தம், குடியிருப்பு என்று எது வந்தாலும், அங்கே திருட்டும் சீண்டலும் எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, இடத்தை மாற்றியமைப்பது அவர் வேலை. "திருடனைத் திருத்தறது சாமியாருங்க வேலை செல்வம். அவனுக்குத் தோதான இடம் குடுக்காம இருக்கிறது நம்ம வேலை" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

தார்நாகா போகும் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. நல்ல கூரை, உட்கார இடம் எல்லாம் உண்டு. ஆனால் பெண்கள் உள்ளே நிற்காமல் வெளியே வெயிலில் நின்றார்கள். எங்களோடு வந்த பொறியாளர், "இவங்களுக்கு வசதியைப் பயன்படுத்தத் தெரியல" என்றார். புவனேஸ்வரி என்னை உள்ளே போய் நிற்கச் சொன்னார். மூன்று பக்கமும் ஆளுயர விளம்பரத் தட்டிகள். "ரோட்டுல போறவங்க யாராவது உங்களைப் பார்க்கிறாங்களா?" என்று வெளியிலிருந்து கேட்டார். இல்லை என்றேன். "ஹவ், அதேதான்" என்றார்; இந்த ஊர் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், இரண்டும் அவர் வாயில் ஒட்டிக்கொண்டவை. "உங்க பர்ஸை அடிச்சாலும் பார்க்க மாட்டாங்க. இவங்க கையைப் பிடிச்சு இழுத்தாலும் பார்க்க மாட்டாங்க." பின்தட்டியை எடுக்க வைக்க விளம்பரக்காரர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். எடுத்த பிறகு, பக்கத்தில் நின்ற கொய்யாப்பழ வண்டியை விரட்டக் கூடாது என்று இன்னொரு சண்டை. நாள் முழுக்க அங்கேயே நிற்கிற ஆளைவிடச் சிறந்த காவல் எது என்பது அவர் கேள்வி. பெண்கள் நிழலுக்கு வந்தார்கள்.

இன்னொரு பூங்காவில் பெஞ்சுகளின் நடுவே இரும்புத் தடுப்பு வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வேலையில்லாதவர்கள் படுத்துவிடுகிறார்களாம், குற்றத் தடுப்பு நடவடிக்கையாம். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினோம். இவர் மட்டும் அதிகாரியைப் பார்த்து, "படுக்கிறது குற்றமா சார்? காலை நீட்டினா எந்த செக்‌ஷன்ல வரும்?" என்று கேட்டார். அதிகாரி சிரித்து மழுப்பினார். இவர் விடவில்லை. "அவனைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்கல. அதுக்குப் பேரு பாதுகாப்பா? நக்கோ, நான் இதை வரைய மாட்டேன்." அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போனது. முதலாளி ஒரு மாதம் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தடுப்பு வைத்த பெஞ்சுகளை வேறு அலுவலகம் போட்டுக் கொடுத்தது, இன்றைக்கும் இருக்கின்றன.

இப்படிப்பட்டவர்தான் அந்தத் தப்பையும் செய்தார். அவர் வீட்டுப் பக்கத்துக் காலனிகள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று எங்களிடம் வந்தது. மதில்மேல் கண்ணாடிச் சில்லு, தெருவுக்குத் தெரு கேமரா, ஒரே ஒரு வாசல் என்று ஒரு பட்டியலோடு வந்தார்கள். புவனேஸ்வரி அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். பூட்டுப் போட்டால் உள்ளே இருக்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். நமக்கு விழித்திருக்கிற ஜனங்கள்தான் வேண்டும் என்றார். ஒரு போட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னார். வருஷம் முழுக்க ஒரு குற்றப் புகார்கூட வராத காலனிக்கு ஒரு பாராட்டுப் பலகை. வாசலில் மாட்டிக்கொள்ளலாம். பணமும் இல்லை, பரிசும் இல்லை, பெருமை மட்டும். பெருமைக்காக மனுஷன் எதையும் செய்வான் என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாக்கியம் எவ்வளவு சரி என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் வருஷம் நன்றாகத்தான் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஜனங்கள் வாசல் விளக்கை எரியவிட்டார்கள். ஜன்னலை மறைத்த புதரை வெட்டினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பலகையே அவருடைய காலனிக்குத்தான் கிடைத்தது. அண்ணன் தாமோதரன்தான் அப்போது சங்கத் தலைவர். பலகை மாட்டிய மறுநாள் புவனேஸ்வரி இரானி கடையிலிருந்து ஒரு பெட்டி பிஸ்கட்டோடு அலுவலகம் வந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பலகை வந்தபின் அந்தக் காலனியில் வீடு கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று பலகையைப் படித்துவிட்டு உள்ளே போனார்கள். மறு வருஷமும் பலகை அவர்களுக்கே வந்தது, அதற்கடுத்த வருஷமும்.

காலனியின் மூலைவீட்டில் சரளா டீச்சர் என்று ஒரு தெலுங்கு அம்மா தனியாக இருந்தார். விடிந்ததும் வாசலில் பெரிதாகக் கோலம் போடுகிறவர். ஒருநாள் நடைக்குப் போன புவனேஸ்வரி, அங்கே கோலத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கோலம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். முதுகுவலியோ என்று விசாரிக்க உள்ளே போனார். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு அழுதாராம். கோலம் போடக் குனிந்தபோது பைக்கில் வந்த ஒருவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறான். புகார் கொடுக்கக் கிளம்பியவரைச் சங்கத்தார் வீட்டுக்கே வந்து தடுத்திருக்கிறார்கள். "ஒரு செயினுக்காக மொத்தக் காலனியும் தலைகுனியணுமா அம்மா? பலகை போயிடும். எல்லாரும் உங்களைத்தான் சொல்லுவாங்க" என்று பேசியிருக்கிறார்கள். வந்து பேசியவர்களில் தாமோதரனும் ஒருவர். தங்கையிடம் அவர் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எதைக் குறைச்சா பலகை தரோம்னு சொன்னோம் செல்வம்?" என்று கேட்டார். குற்றத்தை என்றேன். "இல்லை. புகாரை. திருட்டைக் குறைக்கிறது கஷ்டம். புகாரைக் குறைக்கிறது சுலபம், ஒரு கிழவி வாயைப் பொத்தினா போதும். கணக்கு எதைக் கேட்குதோ அதைத்தானே ஜனங்க குடுப்பாங்க? இது எனக்கு ஏன் தோணல?" நல்ல எண்ணத்தில் செய்ததுதானே என்று நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "நக்கோ செல்வம். என்னைத் தேத்தாதீங்க. நான் கண்டுபிடிச்சதைக் காட்டித்தான் அந்தம்மாவை மிரட்டியிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே லட்சியம்தான்: தான் மாட்ட வைத்த பலகையைத் தானே கழற்ற வைப்பது.

கூட்டமைப்புக்குப் போய்ப் போட்டியை நிறுத்துங்கள் என்றார். இல்லையென்றால் விதியை மாற்றுங்கள். புகாரை ஒளிக்காமல் உடனே பதிவுசெய்கிற காலனியைப் பாராட்டுங்கள் என்றார். சிரித்தார்கள். "எங்க காலனியில நிறையத் திருட்டு நடக்குதுன்னு வாசல்ல பலகை மாட்டச் சொல்றீங்களா மேடம்?" என்று செயலாளர் கேட்டாராம். சிரிப்பு அடங்கியதும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாட்டிலே திட்டம் போடுகிறவனைவிடத் திட்டத்தில் சொகுசு கண்டவனுக்குத்தான் பலம் அதிகம் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அந்தச் சங்கிலிக்காரனுக்கு அந்தக் காலனி பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன? அறுத்துக்கொண்டு போனாலும் யாரும் மூச்சு விடாத ஊர் வேறெங்கே கிடைக்கும்?

சில வாரங்கள் கழித்து, கஸ்தூரி அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், கை முறிந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு, நல்ல கோடையில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தாமோதரன்தான் பேசினார், தரையில் சோப்பு நுரை இருந்ததாக விவரமாகச் சொன்னார். புவனேஸ்வரி மாடியிலிருந்து இறங்கி வந்தவர், பேச்சைக் கேட்டுக்கொண்டே குனிந்து, அண்ணியின் கழுத்துத் துண்டை விலக்கினார். பிடரியிலிருந்து முன்கழுத்துவரை சிவந்து கன்றிய ஒரு கோடு. அதற்குக் கீழே புது மஞ்சள் கயிறு.

"பாத்ரூம்ல வழுக்கினா கழுத்துல கோடு விழுமா அண்ணா?"

தாமோதரன் எழுந்தார். "மெதுவா பேசு. ஜன்னல் திறந்திருக்கு."

"அண்ணியோட தாலியை அறுத்திருக்கான். நீ ஜன்னலைப் பார்க்கிறே."

"ரெண்டு மாசம் பொறு புவனா. இந்தப் போட்டி வருஷம் முடியட்டும். ஜனங்க என்மேல நம்பிக்கை வெச்சிருக்காங்க."

புவனேஸ்வரி அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அண்ணி. நான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்பவே."

அண்ணி துண்டைத் திரும்ப இழுத்துச் சுற்றிக்கொண்டார். "வேண்டாம் புவனா, விட்டுடு. அவருக்கு மானம் போயிடும்" என்றார். நான் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி வராததால் புவனேஸ்வரி சரளா டீச்சரை மட்டும் அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தார். பலகை இறங்கும் என்று நம்பினார். கூட்டமைப்பு அவசரமாகக் கூடி ஒரு புது விதி சேர்த்தது: சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் பதிவான புகார் மட்டுமே கணக்கில் வரும். டீச்சரின் புகார் கணக்கில் வரவில்லை. பலகை அசையவில்லை. "என்கிட்டயே பாடம் படிச்சிருக்காங்க. விதி போடறதுல நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க" என்று புவனேஸ்வரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை அந்தக் காலனி நடத்திய விதத்தைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். பிள்ளையார் சதுர்த்திப் பிரசாதம் அந்த மாடிக்கு மட்டும் போகவில்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் கீழ்வீட்டில் இருந்தது. அண்ணன் அதைப் போட மறக்க ஆரம்பித்தார். கூடப் பிறந்தவர், வீட்டில் இருக்கும் தங்கைக்குத் தண்ணீர் விட மறந்தார். அண்ணன் வெளியே போன சமயம் பார்த்து அண்ணி ஓடிப்போய் சுவிட்சைப் போடுவாராம். புவனேஸ்வரி இதை என்னிடம் சொன்னபோது அண்ணன்மேல் கோபப்படவில்லை. "அண்ணிக்குத் தைரியம் இருக்கு செல்வம். இப்போதைக்கு மோட்டார் போடற அளவுக்கு இருக்கு. கேட்டுக்கிட்டே இருந்தா வளரும்" என்றார். அப்படியே கேட்டுக்கொண்டும் இருந்தார். படியில் எதிர்ப்பட்டால், துணி காயப்போடும்போது, கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "எப்ப சொல்லப் போறீங்க அண்ணி?"

நுரையீரல் தொற்று என்று செகந்திராபாத்தில் மருத்துவமனையில் சேர்த்தபோது பார்க்கப் போனேன். முகமூடியை விலக்கி அவர் முதலில் கேட்டது, "அண்ணி ஏதாவது சொன்னாங்களா?" என்பதுதான். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அலுவலகத்தைப் பற்றி, மழையைப் பற்றி நான் எதையெதையோ பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

காரியம் முடிந்த அன்று மாலை காலனி மண்டபத்தில் படத்திறப்பு. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம், அவரைப் பற்றி என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று கேட்கவாவது ஒரு ஆள் வேண்டும் என்று போனேன். சொன்னார்கள், குறைவைக்கவில்லை. தூக்கி வளர்த்த தெய்வம் என்றார்கள், காலனியின் காவல் தெய்வம் என்றார்கள். மோட்டார் சுவிட்சைப் போடாத தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "இந்தப் பலகை என் தங்கையோட கனவு. இந்த வருஷமும் நம்ம காலனியில ஒரு புகார்கூட இல்லை. இதுதான் அவளுக்கு நாம செய்யற அஞ்சலி" என்றார். படத்திறப்பில் கைதட்டினார்கள். நான் எழுந்து கத்திவிடலாமா என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்தேன்.

எனக்கு முன்னால் முதல் வரிசையில் கஸ்தூரி அண்ணி எழுந்துவிட்டிருந்தார்.

"என் தாலியையும் அறுத்தான்" என்றார். மைக் இல்லை, ஆனாலும் கேட்டது. "நான் பாத்ரூம்ல விழல. பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தேன். பைக்ல வந்தவன் தாலிக்கொடியைப் பிடிச்சு இழுத்தான். தரதரன்னு கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போனான். கை ஒடைஞ்சது அப்பத்தான். இவருக்குத் தெரியும். சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்."

"கஸ்தூரி, உக்காரு" என்றார் தாமோதரன், மைக்கிலேயே.

அண்ணி உட்காரவில்லை. மண்டபத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "மா இண்ட்லோ கூடா" என்றது. எங்கள் வீட்டிலும்தான் என்று அர்த்தம். அவர் புருஷன் அவர் கையைப் பிடித்து அமுக்குவது தெரிந்தது. செயலாளர் காபி வந்துவிட்டது என்று அறிவித்தார்.

மண்டபத்திலிருந்து நேராக அண்ணியும் சரளா டீச்சரும் நானும் ஆட்டோவில் காவல் நிலையத்துக்குப் போனோம். புகார் எழுதுகிறவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நிமிர்ந்து, இவ்வளவு காலம் கழித்து வருகிறீர்களே, ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார். அது அவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

"என் நாத்தனார் ஒருத்தி இருந்தா சார். எனக்கும் சேர்த்து அவளே பேசிக்கிட்டிருந்தா. இப்ப பேச ஆளில்லை. அதான் வந்தேன்" என்றார் அண்ணி.

அதைக் கேட்க புவனேஸ்வரி இல்லை. இருந்திருந்தால் நெகிழ்ந்திருப்பார் என்று உங்களில் யாராவது நினைத்தால், உங்களுக்கு அவரைத் தெரியாது. "ஹவ், இதுக்கு நான் சாகணுமா அண்ணி?" என்றுதான் கேட்டிருப்பார். நானும் அதையேதான் கேட்கிறேன். ஒரு மாத விதியின்படி அண்ணியின் புகாரும் கணக்கில் சேராது என்று கூட்டமைப்பு சொல்லிவிட்டது. பலகை இன்றைக்கும் வாசலில் தொங்குகிறது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். போன வாரம் எங்கள் அடுக்ககக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, இந்த வருஷம் நம் கட்டடத்தில் எந்தத் தப்புத்தண்டாவும் நடக்கவில்லை என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கி, "நடக்கலையா, இல்லை யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன். என் மனைவி முட்டியில் கிள்ளினாள். அதற்குப் பிறகு லிஃப்டில் என்னைக் கண்டால் இரண்டு மூன்று பேர் படியேறிப் போகிறார்கள். போகட்டும். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.